8192 என்ற அகலம்: ஒரு ஸ்கேன் கூடத்தில் கேச் அமைப்பும் நினைவகப் பேஜும் மோதிய நிகழ்வு

பின்னணி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன ஸ்கேன் கூடம். பழைய பத்திரம், கணக்கு ஏடு, நில வரைபடம் என்று எது வந்தாலும் படமாக்கி, சுத்தம் செய்து, வட்டில் போட்டுக் கொடுப்பது தொழில். பகலில் ஸ்கேன் எடுப்பார்கள். இரவு 9 மணிக்கு அன்றைய படங்கள் மொத்தத்தையும் ஒரு நிரலிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். காலையில் வந்தால் எல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தயாராக இருக்கும்.

இந்த நிகழ்வு நடந்த சமயத்தில் கையில் இருந்தவை கடலூர் முதுநகரில் மண்டி நடத்திய ஒரு குடும்பத்தின் பேரேடுகள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது நனைந்தவை. உலர்த்தி அடுக்கி வைத்ததில் தாள் பிழைத்துக்கொண்டது. ஆனால் நீர்க்கறை மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக இறங்கியிருந்தது. இப்படிப்பட்ட தாளில் "இதைவிடக் கறுப்பு என்றால் எழுத்து, இல்லையென்றால் தாள்" என்று ஒரே எல்லை வைத்துப் பிரிக்க முடியாது. கறை முழுக்க எழுத்தாகிவிடும். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் அக்கம்பக்கத்துச் சராசரியைக் கணக்கிட்டு, அதற்கேற்ப எல்லையை நகர்த்தும் முறையைத்தான் பயன்படுத்துவார்கள். 1986-இல் நிக்ப்ளாக் சொன்னதும், 2000-இல் சாவோலாவும் பியட்டிக்காய்னனும் திருத்தித் தந்ததும் இந்த வகைதான்.

நிரலை எழுதியவர் அங்கே முன்பு வேலை பார்த்த ஒரு இளைஞர். இப்போது சென்னையில் இருக்கிறார். சி மொழியில் நன்றாகவே எழுதியிருந்தார். படத்தின் குறுக்குவாக்கில் ஒரு நடை, மேலிருந்து கீழாக ஒரு நடை. கறை கீழ்நோக்கி ஓடுவதால் இரண்டாவது நடைக்குத்தான் வேலை அதிகம். அதை 64 புள்ளி அகலமும் 256 வரிசை உயரமும் கொண்ட துண்டு துண்டாகச் செய்யும்படி வைத்திருந்தார். ஒரு புள்ளிக்கு ஒரு பைட். 64-ஐ 256-ஆல் பெருக்கினால் 16 கேபி. ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு வேக நினைவகமான கேச்சின் முதல் நிலை 32 கேபி, அதில் தாராளமாக உட்காரும் என்று நிரலிலேயே குறிப்பும் எழுதி வைத்திருந்தார்.

கணினி, ஆறாம் தலைமுறை ஐ7-6700. நான்கு கோர், எட்டு த்ரெட், 16 ஜிபி ரேம், உபுண்டு லினக்ஸ். புதியதல்ல, ஆனால் இந்த வேலைக்குப் போதும்.

என்ன தென்பட்டது

ஏ3 அளவு ஏட்டை 600 டிபிஐயில் எடுத்தால் படம் 7016 புள்ளி அகலம், 9921 புள்ளி உயரம் வரும். பேரேடுகள் எல்லாம் ஒரே அகலமில்லை. சில ஏடுகளின் ஓரம் மடிந்து நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டாமல் எடுக்க வேண்டும் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால், எல்லாப் படத்தையும் 8192 புள்ளி அகலமுள்ள ஒரே சட்டத்துக்குள் வைத்துவிடுவது என்று கூடத்தில் முடிவெடுத்தார்கள். ஏன் 8192? அது இரண்டின் அடுக்கு. கணினிக்குப் பிடித்த எண் என்பது பொதுவான நம்பிக்கை.

பரப்பளவு கூடியது ஏறக்குறைய 17 விழுக்காடு. அதற்கு முன் விடியற்காலை 3 மணி வாக்கில் முடிந்துகொண்டிருந்த இரவு ஓட்டம், கணக்குப்படி 4 மணிக்கு முடிய வேண்டும். ஆனால் காலை 9 மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கே மின்சாரம் நிறுத்தப்பட்ட ஒரு நாளில் யுபிஎஸ் தாக்குப்பிடிக்காமல் ஓட்டம் பாதியில் அறுந்து, ஒரு கட்டுப் படங்களை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் உரிமையாளர் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்.

இதற்குள் ஸ்கேன் எடுக்கும் அம்மா ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார். பழைய அகலத்தில் எடுத்த சில கட்டுகள் மீதமிருந்தன. அவற்றைப் பகலில் போட்டுப் பார்த்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, புதுக்கட்டு மட்டும் இழுக்கிறது. "பழைய அளவுன்னா சடசடன்னு முடிஞ்சுடுது சார், புது அளவுலதான் என்னமோ மாட்டிக்குது" என்று அவர் சொன்னதுதான் இந்த ஆய்வில் கிடைத்த முதல் உருப்படியான தகவல். அதை அவர் சொல்லி ஒரு வாரம் வரை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் செய்தவை

கணினி மந்தமானால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ரேம். கடைக்காரரும் அதையே சொன்னார். 16 ஜிபியை 32 ஜிபி ஆக்கினார்கள். ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. குறைய வேண்டிய காரணமும் இல்லை: ஒரு படம் 81 எம்பி, அதற்கான இடைநிலைப் பஃபர்கள் (கணக்குக்கான தற்காலிக நினைவிடங்கள்) எல்லாம் சேர்த்தாலும் ஒரே நேரத்தில் ஓடும் எட்டு ப்ராசஸுக்கு இரண்டு, மூன்று ஜிபி. ரேம் போதாதபோது வட்டில் எடுக்கும் இடமான ஸ்வாப் தொடப்படவே இல்லை.

அடுத்து வட்டு. பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டார்கள். படத்தைத் திறப்பதும் சேமிப்பதும் கொஞ்சம் விரைவானது. மொத்த நேரத்தில் அது ஒரு மூலை.

மூன்றாவதாகப் புதுக் கணினிக்கு விலை கேட்டிருந்தார்கள். அந்தக் கட்டத்தில்தான் புதுச்சேரியிலிருந்து நான் போனேன். வாங்குவதை இரண்டு வாரம் தள்ளிப்போடச் சொன்னேன். காரணம், 17 விழுக்காடு வேலை கூடியதற்கு இரண்டு மடங்கு நேரம் என்பது வேகம் போதாத கணினியின் அறிகுறியாகத் தெரியவில்லை. குறிப்பிட்ட ஏதோ ஒன்று முட்டுகிறது என்றுதான் பட்டது.

அளந்தபோது

லினக்ஸில் பெர்ஃப் என்ற கருவி இருக்கிறது. ப்ராசஸருக்குள் இருக்கும் எண்ணிகளை அது படித்துச் சொல்லும். ஒரே படத்தை 7016 அகலத்திலும் 8192 அகலத்திலும் தனித்தனியாக ஓட்டி எண்களை ஒப்பிட்டோம்.

முதல் பார்வையில் ஏமாற்றம். 'கேச் தவறல்' (தேடிய தரவு கேச்சில் இல்லாமல் போவது) என்று அது காட்டும் பொதுவான எண் இரண்டிலும் பெரிதாக மாறவில்லை. இங்கே பலர் நின்றுவிடுவார்கள்: "கேச் பிரச்சினை இல்லை, வேறு எதையாவது பார்." ஆனால் இன்டெல் ப்ராசஸர்களில் அந்தப் பொது எண் கடைசி நிலை கேச்சில், அதாவது எல்3-இல் கிடைக்காமல் ரேம் வரை போனவற்றை மட்டுமே எண்ணுகிறது. முதல் நிலையான எல்1-இல் தவறி, அடுத்த நிலைகளான எல்2-இலோ எல்3-இலோ கிடைத்தவை அதில் வராது. எல்1 டேட்டா தவறலைத் தனியாகக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. 8192-இல் அது பல மடங்கு எகிறியிருந்தது. எல்1-இல் ஒரு தரவு கிடைக்க 4, 5 சுழற்சி (ப்ராசஸர் கடிகாரத்தின் துடிப்பு), எல்2-இல் 12, எல்3 வரை போனால் சுமார் 40. ரேமுக்கே போகாமலும் ஒரு நிரல் இப்படி நொண்ட முடியும்.

பிறகு அகலத்தை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டினோம். 8000, 8128, 8256 எல்லாம் நன்றாக ஓடின. 8192 மட்டும் தனியாக மந்தம். 8256, 8192-ஐ விடப் பெரியது. இருந்தும் வேகமாக முடிகிறது. படம் பெரிதானதால்தான் மந்தம் என்ற வாதம் இதோடு ஒழிந்தது.

வரிசையின் நீளம் இரண்டின் பெரிய அடுக்கு ஒன்றின் மடங்காக இருப்பதுதான் சிக்கல் என்று நினைத்தோம், விளக்கம் கீழே வருகிறது. அந்தக் காரணம் சரிதானா என்று பார்க்க, ஓட்டுவதற்கு முன்பே விடையைச் சொல்லிவிட்டு ஒரு சோதனை செய்தோம். 7168 அகலம் கொடுக்கலாம். இது 8192-ஐ விட நன்றாகவே சின்னது. ஆனால் 1024-இன் மடங்கு. காரணம் நாம் நினைப்பதுதான் என்றால் இதுவும் ஓரளவு மந்தமாக வேண்டும், 8192 அளவுக்கு மோசமாகக் கூடாது. அப்படியே ஆனது. இன்னொரு விசித்திரமும் தெரிந்தது: 7168-இல் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் நேரம் கொஞ்சம் கூடிக் குறைந்தது, 8192-இல் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே மந்தம். இதன் விளக்கம் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இருக்கிறது, கீழே வருகிறேன்.

ஏன் இப்படி ஆகிறது

32 கேபி கேச் என்றால் 32 கேபியும் எங்கே வேண்டுமானாலும் பயன்படும் என்று நினைப்பது இயல்பு. அப்படி இல்லை. இந்த ப்ராசஸரின் எல்1, 64 தட்டுள்ள அலமாரி போன்றது. ஒவ்வொரு தட்டிலும் எட்டு ஏடு வைக்கலாம், ஆனால் எந்த ஏடு எந்தத் தட்டுக்கு என்பதை அதன் எண்ணே முடிவு செய்துவிடும். ஒரே தட்டுக்குரிய ஒன்பதாவது ஏடு வந்தால் மற்ற 63 தட்டும் காலியாக இருந்தாலும் அந்தத் தட்டிலிருந்து ஒன்றை வெளியே தள்ளித்தான் ஆக வேண்டும். இங்கே ஏடு என்பது 64 பைட் கொண்ட ஒரு லைன், தட்டு என்பது ஒரு செட். 64 செட், ஒரு லைனுக்கு 64 பைட்: பெருக்கினால் 4096. ஆக முகவரி 4096 பைட் நகர்ந்தால் மறுபடி அதே செட்.

படத்தில் ஒரு வரிசை 8192 பைட் என்றால், ஒரு புள்ளிக்கு நேர் கீழே இருக்கும் புள்ளி 8192 பைட் தள்ளி இருக்கிறது. 4096-இன் சரியான இரண்டு மடங்கு. மேலிருந்து கீழாக 256 வரிசை இறங்கினால் 256 லைனும் ஒரே செட்டில் வந்து விழும். அங்கே இடம் எட்டுதான். 16 கேபி துண்டு 32 கேபி கேச்சில் உட்காரும் என்ற குறிப்பு எண்ணளவில் சரி. ஆனால் நடைமுறையில் அந்தத் துண்டுக்குக் கிடைத்தது அரை கேபி. ஒரு லைனை ஒருமுறை கொண்டுவந்தால் அதிலிருக்கும் 64 புள்ளிக்கும் அது உதவ வேண்டும். இங்கே ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு அடுத்த நெடுவரிசைக்காகத் திரும்பி வருவதற்குள் லைன் வெளியே போய்விடுகிறது.

7016-இல் இந்தத் தொல்லை ஏன் இல்லை? 7016-க்கும் 4096-க்கும் பொதுவான பெரிய வகுஎண் வெறும் 8. அதனால் வரிசைகள் தானாகவே எல்லா செட்டிலும் பரவிக்கொண்டன. ஸ்கேனர் கொடுத்த கோணலான எண்தான் இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல.

இனி ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பங்கு. அந்த 4096 என்ற எண் தற்செயலாக வந்ததில்லை. நினைவகத்தை ஆபரேட்டிங் சிஸ்டம் பங்கிடும் பேஜின் அளவும் 4096 பைட்தான். 1985-இல் வந்த 80386 முதல் இந்தக் குடும்பத்தில் அதுவே வழக்கம். நிரல் பார்ப்பது மெய்நிகர் முகவரி. ரேமில் இருப்பது பௌதிக முகவரி. ஒன்றை மற்றொன்றாக மாற்ற டிஎல்பி என்ற சிறு அட்டவணை இருக்கிறது. அந்த மாற்றம் முடியும்வரை காத்திருந்தால் எல்1 மெதுவாகிவிடும். அதனால் எந்த செட் என்பதை, மாற்றத்தில் மாறாத கடைசி 12 பிட்டுகளை மட்டும் வைத்தே எல்1 தேடத் தொடங்கிவிடுகிறது. 12 பிட் என்றால் 4096. ஆக பேஜ் 4 கேபி என்று இருக்கும்வரை எல்1-ஐப் பெரிதாக்க எளிய வழி, ஒரு செட்டில் இருக்கும் இடங்களைக் கூட்டுவதுதான். 2019-இல் வந்த ஐஸ் லேக் ப்ராசஸர்களில் எல்1 48 கேபி ஆனது. செட் அதே 64, இடம் மட்டும் எட்டிலிருந்து 12. ஆப்பிள் எம்1-இல் பேஜ் 16 கேபி. அங்கே எல்1 டேட்டா கேச் 128 கேபி வரை போக முடிந்தது.

உரிமையாளருக்கு இந்தப் பகுதிதான் முக்கியமாகப் பட்டது. புதுக் கணினி வாங்கியிருந்தால்? எட்டுக்குப் பதில் 12 இடம். 256 லைனுக்கு அது எந்த மூலைக்கு? மற்ற வகையில் வேகமாக இருந்திருக்கும், ஆனால் இந்த முட்டுக்கட்டை அப்படியே அதிலும் இருந்திருக்கும்.

எல்2-இல் கதை கொஞ்சம் மாறுகிறது. இந்த ப்ராசஸரில் எல்2 256 கேபி. 1024 செட், செட்டுக்கு நான்கு இடம். அதற்கு 16 பிட் முகவரி வேண்டும். அதில் மேல் நான்கு பிட் பௌதிக முகவரியிலிருந்து வருகிறது. அதாவது ரேமில் எந்த இடத்தை எந்தப் பேஜுக்கு ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதியான கெர்னல் கொடுத்தது என்பதைப் பொறுத்து எல்2-இல் மோதலோ மோதலின்மையோ அமைகிறது. 7168-இல் நேரம் ஆடியதற்கு இதுதான் காரணம்: ஒவ்வொரு ஓட்டத்திலும் கெர்னல் வேறு வேறு பேஜைக் கொடுக்கிறது, ஒருநாள் நன்றாகப் பரவுகிறது, ஒருநாள் குவிகிறது. 8192-இல் எப்படிப் பரவினாலும் கிடைப்பது 16 செட், 64 இடம், தேவை 256. ஆடுவதற்கே வழியில்லை. பேஜைக் கொடுக்கும்போதே கேச்சில் பரவும்படி பார்த்துக் கொடுக்கும் முறை சோலாரிஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்றவற்றில் இருந்ததுண்டு. பேஜுக்கு வண்ணம் பூசுவது என்பார்கள். லினக்ஸ் அதைச் செய்வதில்லை.

பெரிய பேஜ் போட்டுப் பார்த்தது

அங்கிருந்த இளம் பொறியாளர் ஒரு யோசனை சொன்னார். 256 வரிசை இறங்கினால் 256 வெவ்வேறு பேஜைத் தொடுகிறோம். முதல் நிலை டிஎல்பியில் 64 பதிவுதான் இருக்கிறது. 4 கேபிக்குப் பதில் 2 எம்பி பேஜ் கொடுத்தால் என்ன? லினக்ஸ் 2011-இல் வந்த 2.6.38 முதல் தானாகவே பெரிய பேஜ் கொடுக்கும் வசதியை வைத்திருக்கிறது. உபுண்டுவில் நிரல் கேட்டால் மட்டும் தரும்படி இருக்கும். 8192-ஐ 256-ஆல் பெருக்கினால் மிகச்சரியாக 2 எம்பி. ஒரு துண்டுக்கு ஒன்றோ இரண்டோ பேஜ் போதும்.

நியாயமான யோசனை. செய்தோம். டிஎல்பி தவறல் கிட்டத்தட்ட மறைந்தது. மொத்த நேரம் மட்டும் லேசாகத்தான் இறங்கியது.

காரணத்தைக் கணக்கிட்டபோது அவரே சிரித்துவிட்டார். 2 எம்பி பேஜ் ரேமில் ஒரே தொடராக இருக்கும். சின்னப் பேஜாக இருந்தபோது கெர்னல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொடுத்ததால், எல்2-இல் 16 செட் வரை லைன்கள் சிதறின. தொடராகக் கொடுத்ததும் 8192 இடைவெளி அப்படியே பௌதிக முகவரியிலும் வந்துவிட்டது. கிடைப்பது எட்டு செட், 32 இடம். டிஎல்பியில் சம்பாதித்ததில் ஒரு பகுதியை எல்2 வாங்கிக்கொண்டது. எல்1-இல் எந்த மாற்றமும் இல்லை, ஏனென்றால் அது பார்ப்பது கடைசி 12 பிட்டை மட்டும்தான்.

பெரிய பேஜ் யோசனையை அதோடு கைவிட்டுவிடாமல், இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு மூலக் காரணத்தை முதலில் தீர்ப்பது என்று முடிவானது.

எடுத்த முடிவும் காரணமும்

இரண்டு வழி இருந்தது. ஒன்று, நடையையே மாற்றுவது: மேலிருந்து கீழாக இறங்காமல், வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே ஒவ்வொரு நெடுவரிசைக்கும் கூட்டுத்தொகை வைத்துக்கொள்வது. கேச்சுக்கு இதுதான் மிகவும் உகந்தது. புதிதாக எழுதுவதென்றால் இப்படித்தான் எழுத வேண்டும். இரண்டாவது, நிரலைத் தொடாமல் வரிசையின் நீளத்தை மட்டும் கூட்டுவது: படத்தின் அகலம் 8192-ஆகவே இருக்கும், ஆனால் நினைவகத்தில் ஒவ்வொரு வரிசைக்குப் பின்னும் 64 பைட் சும்மா விட்டு 8256 ஆக்குவது.

இரண்டாவதைத்தான் எடுத்தோம். ஏற்கெனவே பாதிப் பேரேடுகள் கொடுத்து முடித்தாயிற்று. மீதி படங்களும் அதே தோற்றத்தில், ஒரு புள்ளிகூட மாறாமல் வர வேண்டும். கூட்டும் வரிசை மாறினால் பின்னக் கணக்கில் கடைசி இலக்கம் மாறலாம், எல்லையில் நிற்கும் புள்ளி கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகலாம். எழுதியவர் பக்கத்தில் இல்லாத நிரலில் அந்த ஆபத்தை எடுக்க உரிமையாளர் விரும்பவில்லை. சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். வரிசைக்கு 64 பைட் என்பது 9921 வரிசைக்கு ஏறக்குறைய 0.63 எம்பி. படத்தின் அளவில் ஒரு விழுக்காடுகூட இல்லை.

8256 என்பது 129 லைன். ஒற்றைப்படை என்பதுதான் முக்கியம்: ஒரு வரிசை இறங்கினால் செட் ஒன்று நகரும், 64 வரிசையில் எல்லா செட்டையும் தொட்டுவிடும். 256 வரிசைக்கு ஒவ்வொரு செட்டிலும் நான்கு லைன். உள்ளே வரும் படத்துக்கு நான்கு, வெளியே போகும் படத்துக்கு நான்கு, ஆக எட்டும் நிரம்பிவிடுகிறது. இடையில் வேறு எதற்கும் இடமில்லை என்பதால் துண்டின் உயரத்தை 128 வரிசையாகக் குறைத்தோம். பஃபரின் தொடக்கத்தையும் 64 பைட் எல்லையில் நிறுத்தினோம். பெரிய ஒதுக்கீடுகளை, சி மொழியில் நினைவகம் வாங்கித் தரும் மேலாக், நேராகக் கெர்னலிடம் கேட்டு வாங்கும்போது பேஜ் எல்லையிலிருந்து 16 பைட் தள்ளித் தருகிறது; அப்படியே விட்டால் 64 புள்ளித் துண்டு ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு லைனில் கால் வைக்கும்.

இந்த வித்தை புதிதல்ல. கெர்னலுக்குள்ளேயே இதே நோய் இருந்தது: சின்னச் சின்னப் பொருள்களை ஒதுக்கும்போது எல்லாமே பேஜின் தொடக்கத்தில் ஆரம்பித்தால் ஒரே செட்டில் குவியும். 1994-இல் சோலாரிஸுக்காக ஜெஃப் பான்விக் விவரித்த ஸ்லாப் (ஒரே வகைப் பொருள்களை அடுக்கும் நினைவகத் துண்டு) ஒதுக்கியில், ஒவ்வொரு ஸ்லாபின் தொடக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி வைப்பது ஒரு பகுதி. நாங்கள் படத்தின் வரிசையில் செய்ததும் அதேதான்.

பின் நடந்தது

முதல் இரவே ஓட்டம் 4 மணிக்கு முன்னால் முடிந்தது. பழைய வெளியீட்டையும் புது வெளியீட்டையும் பைட் பைட்டாக ஒப்பிட்டதில் வித்தியாசமே இல்லை.

மோதல் போனதும் அதுவரை மறைந்திருந்த இன்னொன்று மேலே வந்தது. மொத்த நேரத்தில் கெர்னலுக்குள் கழியும் பங்கு கண்ணில் படும் அளவுக்கு இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் பஃபரை வாங்கி, முடிந்ததும் திருப்பிக் கொடுப்பதாக நிரல் எழுதப்பட்டிருந்தது. 81 எம்பி ஒதுக்கீடு எப்போதும் கெர்னலிடமே போகும். திருப்பிக் கொடுத்தால் அங்கேயே போய்விடும். அடுத்த படத்துக்கு மறுபடி வாங்கும்போது ஒவ்வொரு பேஜையும் முதல்முறை தொடும் கணத்தில் கெர்னல் குறுக்கே வந்து, பேஜைத் தேடி, முழுவதும் சுழியமாக்கி, கையில் கொடுக்கிறது. 8256 பைட் நீளத்தில் ஒரு வரிசைக்கு இரண்டு பேஜுக்குச் சற்று மேல். 9921 வரிசைக்கு ஏறக்குறைய 20,000 குறுக்கீடு, அதுவும் ஒரு பஃபருக்கு. சுழியமாக்குவது நிரலின் சூடான தரவை எல்1-இலிருந்து துடைத்துவிடும் வேலையும்கூட. இதற்கு வைத்தியம் எளிது: ப்ராசஸ் தொடங்கும்போது ஒருமுறை வாங்கி, இரவு முழுக்க அதையே பயன்படுத்துவது.

இப்போது பெரிய பேஜை மறுபடி இயக்கினோம். இந்த முறை பலன் முழுதாகத் தெரிந்தது. எல்2 மோதல் இல்லாததால் டிஎல்பியில் சம்பாதித்தது கையில் நின்றது. 2 எம்பியை ஒரே மூச்சில் சுழியமாக்கினால் 256 கேபி எல்2 மொத்தமும் அடித்துச் செல்லப்படுமே என்று கேட்கலாம். கெர்னல் எழுதுபவர்களும் அதை யோசித்திருக்கிறார்கள்: 2017-இல் வந்த 4.14 முதல், நிரல் தொட்ட அந்தச் சின்னப் பகுதியைக் கடைசியாகச் சுழியமாக்குகிறது, அது கேச்சில் சூடாக இருக்கட்டும் என்று. எங்கள் நிரலில் பஃபரை ஒருமுறைதான் வாங்குகிறோம் என்பதால் இது பெரிய விஷயமாக இல்லை.

கடைசியாக ப்ராசஸ் எண்ணிக்கை. எட்டு த்ரெட் இருக்கிறதே என்று எட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கோரின் இரண்டு த்ரெட்டும் ஒரே எல்1-ஐத்தான் பங்குபோடுகின்றன. 128 வரிசைத் துண்டு, உள்ளும் வெளியும் சேர்த்து 16 கேபி. இரண்டு பேர் என்றால் 32 கேபி, விளிம்பில் நிற்கிறது. நான்காகக் குறைத்துப் பார்த்தோம். மொத்த நேரம் கூடவில்லை, சற்றுக் குறைந்தது. கூடவே மற்ற வேலைக்கும் கணினி மூச்சு விட்டது. எல்லாம் சேர்ந்து இப்போது 2.30 மணி வாக்கில் முடிகிறது. புதுக் கணினி வாங்கப்படவில்லை. கூடுதல் ரேம் சும்மா கிடக்கிறது.

அடுத்த முறை எதை மாற்றுவார்கள்

கூடத்தில் சில வழக்கங்கள் மாறியிருக்கின்றன. எந்த அளவை மாற்றினாலும் அதே நாளில் பழைய அளவிலும் புது அளவிலும் ஒரு படத்தை ஓட்டி நேரத்தைக் குறித்து வைக்கிறார்கள். ஸ்கேன் எடுப்பவரிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. எந்தக் கட்டு இழுத்தது என்று அதில் எழுதுகிறார், பொறியாளர் வாரம் ஒருமுறை அதைப் படிக்கிறார். பாகம் வாங்குவதற்கு முன் அளப்பது என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் போன பணத்தை நினைத்து உரிமையாளர் தானே சொன்னது அது.

நிரலில் படத்தின் அகலமும் நினைவகத்து வரிசை நீளமும் இப்போது இரண்டு தனி மாறிகள். வரிசை நீளத்தை 64-ஆல் வகுத்து வருவது இரட்டைப்படை என்றால் ஒரு லைன் கூட்டி ஒற்றைப்படையாக்கும் இரண்டு வரி சேர்க்கப்பட்டிருக்கிறது. 4096-இன் மடங்கை மட்டும் தவிர்த்தால் போதாது என்பதை 7168 காட்டிவிட்டது. வண்ணப் படத்துக்கும் இதே விதிதான்: ஒரு புள்ளிக்கு மூன்று பைட் என்றால் 8192 அகலம் 24,576 பைட், அது 4096-இன் ஆறு மடங்கு, மறுபடி அதே செட்.

மேலிருந்து கீழ் நடையை வரிசை நடையாக மாற்றி எழுதும் வேலை மீதம் இருக்கிறது. முதுநகர்ப் பேரேடுகள் முழுவதும் கொடுத்து முடித்த பிறகு, அடுத்த வாடிக்கையாளரின் படங்களில் அதைத் தொடங்குவதாகத் திட்டம்.